சரக்குக் கப்பல் எரிபொருளை எங்கே வீணடிக்கிறது?

உலக நாடுகளுக்கிடையே நடக்கும் சரக்குப் போக்குவரத்தில் 80 சதவீதத்துக்கும் மேல் கப்பலில்தான் போகிறது. ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக எவ்வளவு எரிபொருள் ஆகிறது என்று கணக்குப் பார்த்தால், பெரிய கப்பலை லாரியால் நெருங்க முடியாது. விமானத்தைப் பேச்சிலேயே எடுக்க வேண்டாம். அப்படியானால் கப்பலைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை? சுமக்கும் சரக்கு அவ்வளவு அதிகம் என்பதால்தான். சர்வதேச கடல்சார் அமைப்பான ஐஎம்ஓ 2020-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 2018-ல் உலகக் கப்பல்கள் வெளியேற்றிய பசுமைக்குடில் வாயுக்கள் ஏறக்குறைய 107.6 கோடி டன். மனிதர்கள் வெளியேற்றும் மொத்தத்தில் அது 2.89 சதவீதம். கப்பல்கள் எல்லாம் சேர்ந்து ஒரு நாடாக இருந்தால், அதிகம் புகை விடும் முதல் பத்து நாடுகளின் வரிசையில் அதற்கும் ஓர் இடம் இருக்கும்.

கப்பல் புகை பற்றி வரும் செய்திகளில் பெரும்பாலானவை புது எரிபொருள் பற்றியவை. அம்மோனியா, மெத்தனால், ஹைட்ரஜன் என்று ஏதாவது ஒன்று வாரம்தோறும் வந்துகொண்டே இருக்கிறது. அவையும் வேண்டும்தான். ஆனால் இன்று கடலில் ஓடும் கப்பல்களில், இன்றைக்கே மிச்சப்படுத்தக்கூடிய எரிபொருள் நிறைய இருக்கிறது. அதில் பெரும்பங்கை வீணாக்குவது இன்ஜின் அல்ல. கப்பல் எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்பதை முடிவு செய்யும் ஒப்பந்தத் தாள்கள்தான் என்பது என் கருத்து. அதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஓர் அடிப்படைக் கணக்கு. கப்பல்களின் வழக்கமான எரிபொருளான கனரக எண்ணெய் ஒரு டன் எரித்தால் 3.114 டன் கரியமில வாயு வருகிறது. ஒரு டன் போட்டால் மூன்று டன் எப்படி வரும் என்று புதிதாகக் கேட்பவர்கள் குழம்புவது உண்டு. எண்ணெயில் இருக்கும் கார்பன், காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்துச் சேர்த்துக்கொள்கிறது. கூடுதல் எடை முழுக்க அந்த ஆக்சிஜனுடையது. ஆக ஒரு டன் எண்ணெயை மிச்சப்படுத்தினால் மூன்று டன்னுக்கும் மேல் கரியமில வாயு மிச்சம். இந்தத் துறையில் சிக்கனமும் சுற்றுச்சூழலும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்களாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

எண்ணெயின் ஆற்றல் எங்கே போகிறது?

பெரிய சரக்குக் கப்பலின் முதன்மை இன்ஜின் ஓர் அசுர டீசல் இன்ஜின். 2006-ல் வந்த 'எம்மா மெர்ஸ்க்' கன்டெய்னர் கப்பலில் இருந்தது 14 சிலிண்டர்கள் கொண்டது. எடை ஏறக்குறைய 2,300 டன், திறன் சுமார் 80 மெகாவாட். இவ்வளவு பெரிய இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் நூறு சுற்றுகள் மட்டுமே சுற்றும். கியர் பெட்டி எதுவும் இல்லாமல் அதே வேகத்தில் ப்ரொப்பெல்லரையும் சுற்ற வைக்கும். நிதானமாகச் சுற்றும் பெரிய ப்ரொப்பெல்லர், வேகமாகச் சுற்றும் சிறியதைவிடச் சிக்கனமானது என்பதால் இந்த ஏற்பாடு.

இந்த வகை இன்ஜின்கள் எண்ணெயின் ஆற்றலில் கிட்டத்தட்ட பாதியை உந்துவிசையாக மாற்றிவிடுகின்றன. எரிபொருளை எரித்து ஓடும் இயந்திரங்களில் இது மிக நல்ல அளவு. மீதி, புகைபோக்கி வழியாகவும் குளிர்விக்கும் நீர் வழியாகவும் வெப்பமாகப் போகிறது. அந்த வெப்பத்தில் ஒரு பகுதியைப் பிடித்து நீராவியும் மின்சாரமும் எடுக்கும் ஏற்பாடுகள் பல கப்பல்களில் உண்டு. ஆனால் இன்ஜினை இதற்கு மேல் பெரிதாக மேம்படுத்த இடமில்லை. நூறாண்டுக்கும் மேலாகப் பொறியாளர்கள் அதைப் பிழிந்தெடுத்துவிட்டார்கள்.

இன்ஜின் கொடுத்த உந்துவிசை தண்ணீரோடு மோதுவதில் செலவாகிறது. கப்பலின் உடல் நீரில் உரசும் உராய்வு ஒன்று. முன்னால் அலையைக் கிளப்பிக்கொண்டு போவதால் வரும் தடை இன்னொன்று. எதிர்க்காற்றும் கடல் கொந்தளிப்பும் அதோடு சேரும். மெதுவாகப் போகும் எண்ணெய்க் கப்பல், தாது ஏற்றும் கப்பல் ஆகியவற்றுக்கு உராய்வுதான் பெரிய செலவு. வேகம் கூடக்கூட அலைத்தடை விறுவிறுவென்று ஏறும்.

வேகத்தின் கணக்கு

இடுப்பளவு தண்ணீரில் நடந்து பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். மெதுவாக நடந்தால் சிரமம் தெரியாது. கொஞ்சம் எட்டிப் போடப் பார்த்தால் தண்ணீர் பிடித்து இழுக்கும். ஓட முயன்றால் நாலு எட்டிலேயே மூச்சு வாங்கும். கப்பலுக்கும் அதே கதைதான். தேவைப்படும் திறன் ஏறக்குறைய வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக, அதாவது வேகத்தை மூன்று முறை பெருக்கிய அளவில் ஏறுகிறது.

வேகத்தை 10 சதவீதம் குறைத்தால் திறன் 0.9 × 0.9 × 0.9, அதாவது 0.729 ஆகிவிடும். 27 சதவீதம் மிச்சம். ஆனால் மெதுவாகப் போவதால் பயண நேரம் கூடும் அல்லவா? அதையும் சேர்த்துக் கணக்கிட்டால் மொத்தப் பயணத்துக்கான எரிபொருளில் சுமார் 19 சதவீதம் மிச்சமாகும். புது இயந்திரம் எதுவும் வாங்காமல், எண்ணெயை மாற்றாமல், கைப்பிடியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்ததற்கு இவ்வளவு.

ஒரு கப்பலை எடுத்துக்கொண்டு எண்களில் பார்ப்போம். தானியமோ நிலக்கரியோ ஏற்றிப் போகும் கற்பனைக் கப்பல் ஒன்று. வேகம் 14 நாட், அதாவது மணிக்கு 14 கடல்மைல். அந்த வேகத்தில் முதன்மை இன்ஜின் நாளைக்கு 30 டன் எண்ணெய் குடிக்கிறது. ஒரு நாளில் 336 கடல்மைல் போகும். போக வேண்டிய தூரம் 4,032 கடல்மைல் என்றால் 12 நாள் பயணம், 360 டன் எண்ணெய்.

அதே கப்பல் 12 நாட் வேகத்தில் போனால் நாளைக்கு 288 கடல்மைல், 14 நாள் ஆகும். மும்மடிக் கணக்குப்படி நாளைக்கு 19 டன்னுக்குச் சற்றே குறைவாகத்தான் எண்ணெய் ஆகும். மொத்தம் சுமார் 265 டன். இரண்டு நாள் தாமதத்துக்கு 95 டன் எண்ணெய் மிச்சம், கரியமில வாயுவில் கிட்டத்தட்ட 300 டன் மிச்சம். நிஜத்தில் கடலும் காற்றும் இந்த எண்களைச் சற்று முன்னே பின்னே தள்ளும், ஆனாலும் போக்கு மாறாது.

2008-ல் உலகப் பொருளாதாரம் சரிந்தபோது கன்டெய்னர் கப்பல் நிறுவனங்கள் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தன. அதுவரை 24, 25 நாட் என்று பறந்துகொண்டிருந்த கப்பல்கள் 20-க்கும் அதற்குக் கீழேயும் இறங்கின. எண்ணெய் விலை ஏற்றத்தைச் சமாளிக்கவும், சும்மா நின்றுகொண்டிருந்த கூடுதல் கப்பல்களுக்கு வேலை கொடுக்கவும் அது தோதாக இருந்தது. சுற்றுச்சூழல் அக்கறை அதற்கு முதல் காரணமில்லை. ஆனால் காற்றுக்குக் காரணம் தெரியாது, புகை குறைந்தது மட்டும் உண்மை.

வேகம் குறைந்ததும் ஒரு வேடிக்கை நடந்தது. கப்பலின் முன்பக்கம், நீர்மட்டத்துக்குக் கீழே, மூக்கு மாதிரி ஒரு குமிழ் நீண்டிருக்குமே, அது அழகுக்காக வைத்ததல்ல. அது எழுப்பும் அலையும் கப்பலின் முன்பகுதி எழுப்பும் அலையும் ஒன்றையொன்று சமன்செய்து அலைத்தடையைக் குறைக்கும். ஆனால் அந்தச் சமன் குறிப்பிட்ட வேகத்துக்கும், கப்பல் நீரில் எவ்வளவு ஆழம் அமிழ்ந்திருக்கிறது என்பதற்கும் ஏற்ப வடிவமைக்கப்பட்டது. 25 நாட் வேகத்துக்காகச் செய்த மூக்கு 18 நாட் வேகத்தில் உபத்திரவமாகிவிட்டது. அதனால் நல்ல நிலையில் இருந்த கப்பல்களை டிரை டாக்கில், அதாவது தண்ணீரை வெளியேற்றிய பழுதுபார்ப்புத் தளத்தில், ஏற்றி, பழைய மூக்கை வெட்டியெடுத்துவிட்டுப் புதியதை ஒட்டினார்கள். அந்தச் செலவையும் எண்ணெய் மிச்சத்தில் ஈடுகட்ட முடிந்தது.

மெதுவாகப் போவதற்கு ஒரு விலையும் உண்டு. வாரம் ஒரு கப்பல் ஒரு துறைமுகத்தைத் தொட வேண்டும், ஒரு சுற்றுக்கு எட்டு வாரம் ஆகும் என்றால் எட்டுக் கப்பல்கள் போதும். சுற்றுக்குப் பத்து வாரம் ஆனால் பத்துக் கப்பல்கள் வேண்டும். கூடுதல் கப்பல்களைக் கட்டவும் ஓட்டவும் ஆகும் ஆற்றலை மிச்சத்திலிருந்து கழித்துத்தான் பார்க்க வேண்டும். அப்படிக் கழித்தாலும் பெரும்பாலும் லாபம்தான். ஆனால் ஒரேயடியாகக் குறைத்துக்கொண்டே போக முடியாது. மோசமான வானிலையில் கப்பலைத் திருப்பிக் கட்டுப்படுத்தக் குறைந்தபட்ச வேகமும் திறனும் தேவை. மாலுமிகளின் பாதுகாப்பு இதில் அடங்கியிருக்கிறது.

விரைந்து போய்க் காத்திருப்பது

சரி, இனி எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் விஷயத்துக்கு வருகிறேன். மேலே சொன்ன கற்பனைக் கப்பல் 14 நாட் வேகத்தில் ஓடி 12 நாளில் துறைமுகத்துக்கு வந்துவிட்டது. ஆனால் சரக்கு இறக்கும் தளம் காலியாக இல்லை. இரண்டு நாள் வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறது. 14-ம் நாள்தான் உள்ளே போகிறது. அப்படியானால் தொடக்கத்திலிருந்தே 12 நாட் வேகத்தில் வந்திருக்கலாமே? சரக்கு அதே நாளில்தானே இறங்கியிருக்கும்? ஆமாம், அதே நாளில்தான். ஆனாலும் 95 டன் எண்ணெய் எரிந்துவிட்டது. யாருக்கும் ஒரு மணி நேரம்கூட மிச்சமாகவில்லை.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்? கேப்டனுக்குப் புத்தியில்லை என்று நினைத்துவிடக் கூடாது. வாடகை ஒப்பந்தங்களில் 'இயன்ற அளவு விரைவாகச் செல்ல வேண்டும்' என்ற பொருளில் ஒரு வரி நெடுங்காலமாக இருந்துவருகிறது. பாய்மரக் காலத்தில் அது நியாயமான வரி. இன்றோ கேப்டன் தன் விருப்பத்துக்கு வேகத்தைக் குறைத்தால் ஒப்பந்தத்தை மீறியவர் ஆகிவிடுவார். கூடவே, பல துறைமுகங்களில் முதலில் வந்தவருக்கே முதல் இடம். வரிசையில் இடம் பிடிக்க வேண்டுமென்றால் நேரில் வந்து நின்றாக வேண்டும். அதற்கு மேல் டெமரேஜ் என்று ஒன்று இருக்கிறது. கப்பல் வந்து சேர்ந்து 'தயார்' என்று அறிவிப்புக் கொடுத்ததும், சரக்கு ஏற்றி இறக்கக் கொடுத்திருக்கும் கால அவகாசம் ஓடத் தொடங்கும். அதைத் தாண்டினால், வாடகைக்கு எடுத்தவர் கப்பல் உரிமையாளருக்கு நாள் கணக்கில் பணம் கட்ட வேண்டும். சீக்கிரம் வந்து காத்துக் கிடப்பதற்கே காசு வருகிறது என்றால் யார்தான் மெதுவாக வருவார்கள்?

இதை மாற்ற முடியும் என்பதற்கு உதாரணமும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் நியூகாசில், உலகின் மிகப் பெரிய நிலக்கரி ஏற்றுமதித் துறைமுகங்களில் ஒன்று. 2007 ஜூனில் அங்கே பெரும் புயல் அடித்தபோது ஐம்பதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் வெளியே வரிசையில் நின்றுகொண்டிருந்தன. அவற்றில் 'பாஷா பல்கர்' என்ற கப்பல் கரைதட்டி, கடற்கரைக்கு வேடிக்கை பார்க்க ஊரே கூடியது. பின்னாளில் அங்கே வந்த ஏற்பாட்டில், கப்பல் தொலைவில் இருக்கும்போதே வரிசையில் அதற்கு இடம் ஒதுக்கப்பட்டு, எந்த நாளில் வந்தால் போதும் என்று சொல்லப்படுகிறது. முண்டியடித்து வருவதில் லாபமில்லை என்றானதும் கப்பல்கள் நிதானமாக வருகின்றன.

கப்பல் துறையின் பெரிய சங்கமான பிம்கோ, 'சரியான நேரத்துக்கு வருதல்' என்ற ஏற்பாட்டுக்குத் தனி ஒப்பந்த வாசகங்களையே எழுதி வைத்திருக்கிறது. வாசகம் கிடைத்துவிட்டதால் மட்டும் எல்லாம் மாறிவிடாது. சரக்கின் சொந்தக்காரர், கப்பல் உரிமையாளர், வாடகைக்கு எடுத்தவர், துறைமுகம் என நான்கு பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும். பயணத்தின் நடுவில் சரக்கு கைமாறுவதும் உண்டு, அப்போது ஒத்துக்கொள்ள வேண்டியவர்கள் எண்ணிக்கை இன்னும் கூடும்.

அடிப்பகுதியில் குடியேறியவர்கள்

நீரில் மூழ்கியிருக்கும் கப்பலின் உடல் வழுவழுப்பாக இருக்கும்வரை உராய்வு குறைவு. கப்பல் வெதுவெதுப்பான துறைமுகத்தில் சில வாரம் நின்றால் போதும், முதலில் கொழகொழவென்று ஒரு படலம் படியும், அதன்மேல் பாசி வரும், அப்புறம் கொட்டலசு ஒட்டிக்கொள்ளும். கொட்டலசு என்பது சுண்ணாம்பு ஓட்டுக்குள் வாழும் சிறு உயிரினம். விரல்நுனி அளவுதான் இருக்கும், ஆனால் ஒட்டிக்கொண்டால் உளி வைத்துத்தான் எடுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான சதுரமீட்டர் பரப்பில் இவை மொய்த்துவிட்டால் அதே வேகத்தில் ஓட இன்ஜின் எவ்வளவு அதிகம் முக்க வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கண்ணுக்குச் சட்டென்று தெரியாத அந்தக் கொழகொழப் படலமே எரிபொருள் கணக்கில் தெரிய ஆரம்பித்துவிடும்.

தெரிவது எங்கே என்றால், ஒவ்வொரு நாளும் நண்பகலில் கப்பலிலிருந்து கரைக்குப் போகும் அறிக்கையில். கடந்த 24 மணி நேரத்தில் ஓடிய தூரம், சராசரி வேகம், ப்ரொப்பெல்லரின் சுற்றுகள், எரிந்த எண்ணெய், காற்றின் திசை, அலையின் உயரம் எல்லாம் அதில் இருக்கும். அதே சுமை, அதே வானிலை, அதே சுற்றுகள், ஆனால் வேகம் அரை நாட் குறைந்திருக்கிறது என்றால் அடியில் யாரோ குடியேறிவிட்டார்கள் என்று அர்த்தம். இப்போது பல கப்பல்களில் உணரிகள் பொருத்தி, நிமிடத்துக்கு நிமிடம் அளவுகள் கரைக்குப் போகின்றன. ஆனாலும் நண்பகல் அறிக்கையின் மவுசு குறையவில்லை.

இதற்கு மருந்து வண்ணப்பூச்சு. ஒருகாலத்தில் டிபிடி என்ற வெள்ளீயச் சேர்மம் கலந்த பூச்சு மிகச் சிறப்பாக வேலை செய்தது. கொட்டலசு கிட்டேயே வராது. ஆனால் அந்த நஞ்சு நீரில் கரைந்து, சிப்பிகளின் ஓட்டைக் கோணலாக்கியது, பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பை முளைக்க வைத்தது. 2001-ல் ஏற்பட்ட சர்வதேச உடன்படிக்கை 2008-ல் நடைமுறைக்கு வந்து அதைத் தடை செய்தது. இப்போது செம்பு கலந்த பூச்சுகளும், எதுவும் இறுகப் பிடிக்க முடியாத வழுக்கும் சிலிகான் பூச்சுகளும் புழக்கத்தில் இருக்கின்றன. நீருக்கடியில் ஊர்ந்து சுத்தம் செய்யும் ரோபோக்களும் வந்துவிட்டன. சுரண்டிய கழிவை அப்படியே துறைமுகத்தில் விட்டால், ஓர் ஊர்க் கடலின் உயிரினங்கள் இன்னோர் ஊருக்குக் குடிபெயர்ந்துவிடும். ஆகவே அதைச் சேகரித்துத்தான் அப்புறப்படுத்த வேண்டும்.

கப்பல் முன்னால் தாழ்ந்திருக்கிறதா, பின்னால் தாழ்ந்திருக்கிறதா என்பதும் எரிபொருளை மாற்றும். கப்பலைச் சமநிலையில் வைக்கக் கடல்நீர் நிரப்பும் அடிநீர்த் தொட்டிகளில் தண்ணீரை இங்கிருந்து அங்கே மாற்றிச் சரியான சாய்வுக்குக் கொண்டுவர அதிகச் செலவில்லை. எந்தப் பாதையில் போனால் எதிர்க்காற்றையும் அலையையும் தவிர்க்கலாம் என்று வானிலைக் கணிப்பை வைத்துப் பாதை வகுப்பதும் இதே ரகம்.

காற்று திரும்பி வருகிறது

பொருத்தக்கூடிய கருவிகள் ஏராளம். ப்ரொப்பெல்லரின் நடுக்குமிழில் சிறு துடுப்புகள், அதன் முன்னால் நீரோட்டத்தைச் சீராக்கும் வளையம், அடிப்பகுதியில் நுண்ணிய காற்றுக் குமிழிகளை விட்டு உராய்வைக் குறைக்கும் அமைப்பு என்று பல. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சில சதவீதம்தான் தரும். விளம்பரத் தாளில் இருக்கும் சதவீதங்களை எல்லாம் கூட்டினால் கப்பல் எண்ணெயே இல்லாமல் ஓட வேண்டும் என்று துறையில் கேலியாகச் சொல்வார்கள். ஒன்று மிச்சப்படுத்தியதையே இன்னொன்றும் தன் கணக்கில் காட்டுவதுதான் பிரச்சினை.

காற்றின் கதை மட்டும் வேறு. ஜெர்மன் பொறியாளர் ஆன்டன் ஃப்ளெட்னர், 1924-ல் 'புக்காவ்' என்ற கப்பலின் மேல் இரண்டு உயரமான உருளைகளை நிறுத்திச் சுழலவிட்டார். சுழலும் உருளையின் மேல் காற்று பக்கவாட்டில் அடித்தால், காற்றின் திசைக்குச் செங்குத்தாக ஒரு தள்ளுவிசை பிறக்கும். சுழன்று வரும் கிரிக்கெட் பந்து காற்றில் விலகுவதற்குக் காரணமும் இந்த விளைவுதான். கப்பல் அட்லாண்டிக்கைக் கடந்து நியூயார்க் வரைக்கும் போனது. ஆனால் அன்று எண்ணெய் மலிவு, ஆகவே யாரும் சீண்டவில்லை. ஏறக்குறைய நூறாண்டு கழித்து, 2018-ல் 'மெர்ஸ்க் பெலிகன்' என்ற எண்ணெய்க் கப்பலில் 30 மீட்டர் உயர உருளைகள் இரண்டைப் பொருத்தி ஓராண்டு சோதித்ததில் 8.2 சதவீத எரிபொருள் மிச்சமானது. 2023-ல் 'பிக்சிஸ் ஓஷன்' என்ற சரக்குக் கப்பலில் 37.5 மீட்டர் உயரமுள்ள, விமான இறக்கை மாதிரியான இரண்டு கெட்டிப் பாய்களைப் பொருத்தினார்கள். முதல் ஆறு மாதத்தில் சராசரியாக நாளைக்கு 3 டன் எண்ணெய் மிச்சமானதாகக் கணக்குக் காட்டினார்கள்.

மேல்தளம் முழுக்கக் கன்டெய்னர் அடுக்கும் கப்பல்களில் இவற்றுக்கு இடமில்லை. எண்ணெய், தாது, தானியக் கப்பல்களுக்குத்தான் சரிப்படும். பாலத்துக்கு அடியில் போகும்போதும் பாரந்தூக்கி வரும்போதும் மடக்கி வைக்க வேண்டும்.

இவ்வளவு வழிகள் இருந்தும் எல்லாக் கப்பல்களும் ஏன் உடனே பொருத்திக்கொள்ளவில்லை? இதற்கும் விடை ஒப்பந்தத் தாளில்தான் இருக்கிறது. கப்பலைக் குறிப்பிட்ட காலத்துக்கு வாடகைக்கு எடுக்கும் காலவாடகை ஒப்பந்தத்தில் எண்ணெய்க்குப் பணம் கொடுப்பவர் கப்பலை வாடகைக்கு எடுத்தவர். கப்பலை மேம்படுத்தப் பணம் போட வேண்டியவர் உரிமையாளர். இவர் போட்டால் அவருக்கு மிச்சமாகும். ஒப்பந்தம் ஓராண்டில் முடிந்துவிடும், கருவியின் செலவு திரும்பிவரப் பல ஆண்டுகள் ஆகும். நீண்டகால ஒப்பந்தம் போட்டு மிச்சத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் இடங்களில்தான் இந்தக் கருவிகள் அதிகம் ஏறுகின்றன.

துறைமுகத்தில் நிற்கும்போது

கப்பல் நின்றாலும் விளக்கு, குளிரூட்டி, பம்பு எல்லாம் ஓட வேண்டும். அதற்காகத் துணை இன்ஜின்கள் புகைந்துகொண்டே இருக்கும். அந்தப் புகை நேரே துறைமுக ஊரின் நுரையீரலுக்குள் போகிறது. கரையிலிருந்து கம்பி இழுத்துக் கப்பலுக்கு மின்சாரம் கொடுத்தால் இன்ஜினை அணைத்துவிடலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2030 முதல் தன் முக்கியத் துறைமுகங்களில் கன்டெய்னர் கப்பல்களும் பயணிகள் கப்பல்களும் கரை மின்சாரத்தைப் பயன்படுத்தியாக வேண்டும் என்று விதித்திருக்கிறது. கரை மின்சாரம் நிலக்கரியில் தயாரானதாக இருந்தால் கரியமில வாயு பெரிதாகக் குறையாது, ஆனால் ஊருக்குள் வரும் புகை குறையும்.

புது எரிபொருள்கள்

எவ்வளவு சிக்கனம் செய்தாலும் பூஜ்யத்துக்குப் போக முடியாது. அதற்கு எரிபொருளை மாற்றத்தான் வேண்டும். சிக்கல் என்னவென்றால், கனரக எண்ணெய் அளவுக்குச் சிறிய இடத்தில் நிறைய ஆற்றலை வைத்திருக்கும் மாற்று எதுவும் கிடையாது. அதே ஆற்றலுக்கு மெத்தனால் என்றால் தொட்டி சுமார் இரண்டரை மடங்கு பெரிதாக வேண்டும். அம்மோனியாவுக்கு மூன்று மடங்கு. திரவ ஹைட்ரஜனுக்கு நான்கு மடங்குக்கும் மேல், அதுவும் மைனஸ் 253 டிகிரியில் வைக்க வேண்டும். தொட்டி பெரிதானால் சரக்குக்கு இடம் குறையும். கப்பல் முதலிலேயே சிக்கனமாக ஓடினால் இந்தத் தொட்டியும் சிறிதாகும் என்பதைக் கவனியுங்கள்.

திரவ இயற்கை எரிவாயு ஏற்கெனவே பல கப்பல்களில் ஓடுகிறது. எரியும்போது வரும் கரியமில வாயு எண்ணெயைவிடக் குறைவுதான். ஆனால் எரியாமல் நழுவி வெளியேறும் மீத்தேன், இருபதாண்டு கணக்கில் கரியமில வாயுவைவிட எண்பது மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும். இன்ஜினின் வகையைப் பொறுத்து இந்த நழுவல் பெரிதும் மாறும். எந்த இன்ஜின் என்று சொல்லாமல் 'பசுமை எரிவாயு' என்று விளம்பரம் செய்தால் சந்தேகத்தோடு பார்ப்பதே நல்லது.

மெத்தனால் சாதாரண வெப்பநிலையில் திரவமாக இருக்கும், கையாள எளிது. 2023-ல் 'லாரா மெர்ஸ்க்' என்ற கன்டெய்னர் கப்பல் மெத்தனாலில் ஓடத் தொடங்கியது. அம்மோனியாவில் கார்பனே இல்லை, ஆனால் சுவாசித்தால் ஆளையே கொல்லும், எரிவதில் கோளாறு வந்தால் நைட்ரஸ் ஆக்சைடு என்ற இன்னொரு கடுமையான வெப்பவாயு உண்டாகும். இவை எல்லாவற்றுக்கும் பொதுவான கேள்வி ஒன்று உண்டு: எதிலிருந்து தயாரித்தார்கள்? இன்றைய மெத்தனாலும் அம்மோனியாவும் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலும் நிலக்கரியிலும் இருந்து வருபவை. அப்படி வந்த அம்மோனியாவை எரித்தால் புகை கப்பலிலிருந்து தொழிற்சாலைக்கு இடம் மாறும், அவ்வளவுதான்; மெத்தனால் என்றால் இரண்டு இடத்திலும் வரும். மின்கலமோ குறுந்தூரத்துக்குத்தான் ஆகும். நார்வேயின் 'யாரா பிர்க்லாந்து' 120 கன்டெய்னர்களோடு மின்கலத்தில் ஓடுகிறது, கடற்கரையை ஒட்டிய குறுகிய பாதையில்.

விதிகள்

ஐஎம்ஓ 2013 முதல் புதுக் கப்பல்களின் வடிவமைப்புக்கு ஒரு சிக்கன அளவை விதித்தது. 2023 முதல் ஏற்கெனவே ஓடும் கப்பல்களுக்கும் அதே மாதிரி ஒன்று வந்தது. பல கப்பல்கள் இன்ஜினின் உச்சத் திறனுக்குப் பூட்டுப் போட்டு அதைச் சமாளித்துவிட்டன. அதோடு 5,000 மொத்த டன் கொள்ளளவும் அதற்கு மேலும் உள்ள கப்பல்களுக்கு ஆண்டுதோறும் ஏ முதல் ஈ வரை தரம் கொடுக்கிறார்கள். ஈ ஒரு முறை வாங்கினாலோ, டி தொடர்ந்து மூன்றாண்டு வாங்கினாலோ, எப்படித் திருத்திக்கொள்வோம் என்று திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் தண்டனை எதுவும் இல்லை.

இந்தத் தரக் கணக்கில் ஒரு விசித்திரம் இருக்கிறது. ஆண்டு முழுவதும் வெளியான கரியமில வாயுவை, கப்பலின் கொள்ளளவையும் ஓடிய தூரத்தையும் பெருக்கி வருவதால் வகுக்கிறார்கள். உண்மையில் எவ்வளவு சரக்கு ஏற்றியது என்பது கணக்கில் வராது. ஆகவே காலியாக நீண்ட தூரம் ஓடும் கப்பலுக்கு நல்ல தரம் கிடைக்கலாம். சரக்கோடு வந்து துறைமுக நெரிசலில் வாரக்கணக்கில் மாட்டிக்கொண்ட கப்பலுக்குத் தரம் இறங்கலாம். தரத்தைக் காப்பாற்றச் சும்மா வட்டமடித்து வந்தால்கூட எண்கள் அழகாகத் தெரியும். இந்தக் குறைகளைத் திருத்தப் பேச்சு நடந்துவருகிறது.

பணத்தில் கை வைப்பது ஐரோப்பிய ஒன்றியம். 2024 முதல் அதன் துறைமுகங்களுக்கு வரும் பெரிய கப்பல்கள் தாங்கள் விடும் வாயுவுக்கு உரிமம் வாங்க வேண்டும். 2024-ன் வெளியேற்றத்தில் 40 சதவீதத்துக்கு, 2025-ல் 70 சதவீதத்துக்கு, 2026 முதல் முழுவதற்கும். ஒன்றியத்துக்குள்ளேயே ஓடும் பயணம் முழுதாகக் கணக்கில் வரும், வெளியிலிருந்து வந்தால் பாதி. வீணாக எரித்த எண்ணெய்க்கு இரண்டு முறை பணம் கட்ட வேண்டும் என்றானதும், ஒப்பந்தங்களில் யார் கட்டுவது என்ற வரிகள் புதிதாக முளைத்தன.

உலக அளவில், 2050-ஐ ஒட்டி நிகரப் பூஜ்யம் என்று ஐஎம்ஓ 2023 ஜூலையில் இலக்கு வைத்தது. வழியில் 2008-ஓடு ஒப்பிட்டு 2030-க்குள் குறைந்தது 20 சதவீதம், 2040-க்குள் குறைந்தது 70 சதவீதம் குறைக்க வேண்டும். அந்த இலக்குக்கு வலுச் சேர்க்க, வெளியேற்றத்துக்கு உலகம் முழுவதும் விலை வைக்கும் ஒரு சட்டகம் 2025 ஏப்ரலில் முதல் ஒப்புதல் பெற்றது. அக்டோபரில் இறுதி முடிவெடுக்கக் கூடியபோது, நாடுகள் வாக்களித்து ஓராண்டுக்கு ஒத்திவைத்துவிட்டன. ஒரு கப்பலின் ஆயுள் சுமார் 25 ஆண்டுகள். இந்த ஒத்திவைப்புக் காலத்தில் ஆர்டர் செய்யப்படும் கப்பல்கள் 2050-லும் ஓடிக்கொண்டிருக்கும், எந்த எரிபொருளுக்கு என்ன விலை வரும் என்று தெரியாமலேயே அவற்றின் இன்ஜினை இப்போது தேர்ந்தெடுக்கிறார்கள். பலர் பழைய எண்ணெய், புது எரிபொருள் இரண்டிலும் ஓடும் இன்ஜினைக் கேட்கிறார்கள், புது எரிபொருளின் தொட்டிக்கு இடம் மட்டும் விட்டுவைக்கச் சொல்பவர்களும் உண்டு.